நைரோபிப் பள்ளியும் ஆப்பிரிக்கப் பண்பாடும்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி இது: கணவரின் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து நைரோபிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மகளுக்கு 11 வயது, அடுத்து ஏழாம் வகுப்பு. ஒரு பள்ளியில், "சர்வதேசப் பாடத்திட்டத்தோடு ஆப்பிரிக்கப் பண்பாட்டு விழுமியங்களையும் சேர்த்துக் கற்பிக்கிறோம்" என்கிறார்கள். இது உண்மையில் நடக்கிற காரியமா, விளம்பரமா? இதனால் அவள் படிப்பு பின்தங்குமா? நாளை இந்தியா திரும்பினால் என்ன செய்வது?

நைரோபியில் பல ஆண்டுகள் நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடக்கிற காரியம்தான். ஆனால் எல்லாப் பள்ளியிலும் நடப்பதில்லை. எது நிஜம் என்று கண்டுபிடிக்க நான் நம்புகிற அடையாளம் ஒன்றுதான்: மதிப்பெண் போடுகிற இடத்தில் ஆப்பிரிக்கா இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு நாள் கலாசார விழா நடக்கும். பிள்ளைகள் மசாய் மணிமாலையும் கிட்டெங்கே துணியும் அணிந்து மேடையேறுவார்கள், பெற்றோர் படம் எடுப்பார்கள். மறுநாள் வகுப்புக்குப் போனால் எந்த நோட்டிலும் அதன் சுவடு இருக்காது. நான் முதலில் வேலை பார்த்த பள்ளி அப்படித்தான் இருந்தது. விழாவுக்கு இரண்டு வாரம் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு, தாங்கள் ஆடிய ஆட்டம் எந்த மக்களுடையது, எதற்காக ஆடப்படுவது என்று ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இங்கே சர்வதேசப் பாடத்திட்டம் என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 11 முதல் 14 வயது வரைக்கான கேம்பிரிட்ஜ் லோயர் செகண்டரி ஒன்று; அதை முடித்தவர்கள் ஐஜிசிஎஸ்இ என்ற, நம் பத்தாம் வகுப்பு அளவிலான தேர்வுக்குப் போவார்கள். மற்றது ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) அமைப்பின் மிடில் இயர்ஸ் புரோகிராம், சுருக்கமாக எம்ஒய்பி. அது 11 முதல் 16 வயது வரைக்கானது. கேம்பிரிட்ஜில் ஒவ்வொரு நிலையிலும் பிள்ளை எதைக் கற்றிருக்க வேண்டும் என்ற பட்டியல் உண்டு. எம்ஒய்பியில் எட்டுப் பாடக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவுகோல்கள், அளவுகோலுக்கு அதிகபட்சம் 8 மதிப்பெண். எந்த நாவலைப் படிப்பது, எந்த நாட்டின் வரலாற்றிலிருந்து தொடங்குவது, எந்த ஆற்றை வைத்துப் புவியியல் சொல்வது என்பதையெல்லாம் அது பள்ளியின் கையில் விட்டுவிடுகிறது. அடுப்பும் பாத்திரமும் அவர்கள் தருகிறார்கள்; உள்ளே அரிசி வேகிறதா மக்காச்சோள மாவு வேகிறதா என்பது சமைப்பவர் பாடு. ஆகவே, "ஆப்பிரிக்க விஷயங்களைச் சேர்க்க எங்களுக்கும் ஆசைதான், பாடத்திட்டம் இடம் கொடுக்காது" என்று ஒரு எம்ஒய்பி பள்ளி சொன்னால் அதை ஏற்காதீர்கள். இடம் நிறையவே இருக்கிறது.

அடுத்து, "ஆப்பிரிக்கப் பண்பாடு" என்ற சொல். 54 நாடுகள் கொண்ட கண்டத்துக்கு ஒரே பண்பாடு எப்படி இருக்கும்? கென்யாவில் மட்டுமே நாற்பதுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள். பள்ளியில் இந்தச் சொல்லைக் கேட்டதும், "எந்த ஆப்பிரிக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். யோசித்து வேலை செய்கிற பள்ளி உடனே பெயர் சொல்லும்: இந்தக் கடற்கரை, இந்த மக்கள், இந்தக் கதை, இந்த மொழி என்று.

பொதுவான இழை என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால் அது சுவாஹிலியில் "உட்டு" எனப்படுவது, மனிதத்தன்மை. "ம்ட்டு நி வாட்டு" என்பார்கள். மனிதன் என்றாலே மனிதர்கள், அதாவது மற்றவர்களால்தான் ஒருவர் மனிதராகிறார் என்று பொருள். தெற்கே இதே கருத்துக்குப் பெயர் உபுண்டு. கணினித் துறையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம். தென்னாப்பிரிக்கர் ஒருவர் தொடங்கிய இயங்குதளம் என்பதால் வந்த பெயர் அது. இந்த உட்டுவைச் சுவரில் எழுதி மாட்டுவது சுலபம். குழுவாகச் செய்த வேலைக்குக் குழுவாக மதிப்பெண் கொடுப்பது, முன்னால் போகிறவன் பின்தங்கியவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பாடமாக எண்ணுவது, இதெல்லாம்தான் சிரமம். கட்டணம் கட்டுகிற பெற்றோரிலிருந்தே எதிர்ப்பு வரும், "என் பிள்ளை ஏன் இன்னொருத்தனுக்காகக் காத்திருக்க வேண்டும்?" என்று. அந்த எதிர்ப்பைச் சந்தித்தும் விடாமல் செய்கிற பள்ளியை நான் மதிக்கிறேன்.

இந்தக் கலப்பு ஏதோ புதிய நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். நைரோபிக்கு வடக்கே கிதுங்குரி என்றொரு ஊர். 1929 வாக்கில் மிஷன் பள்ளிகளுக்கும் கிக்கூயூ மக்களுக்கும் சடங்குகள் குறித்துப் பெரிய மோதல் வந்தது. ஏராளமான குடும்பங்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளிகளிலிருந்து எடுத்துக்கொண்டு, தாங்களே காசு போட்டு, தாங்களே மண் சுமந்து சொந்தப் பள்ளிகள் கட்டின. அந்தப் பெற்றோர் ஆங்கிலத்தையோ நவீனக் கல்வியையோ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆங்கிலமும் வேண்டும், கணக்கும் வேண்டும், அதற்கு விலையாகத் தங்கள் மொழியையும் வழக்கத்தையும் கேட்காதீர்கள் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1939இல் கிதுங்குரியில் ஒரு கல்லூரி எழுந்தது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ம்பியூ கொய்னாங்கே தொடங்கினார். விடுதலைக்குப் பின் நாட்டின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டா இடையில் அதன் முதல்வராக இருந்தார். 1952இல் அவசரநிலை அறிவித்த காலனி அரசு அந்தக் கல்லூரியையும் அந்தப் பள்ளிகளையும் மூடியது. ஊர் கூடிப் பள்ளி கட்டும் வழக்கத்தை மட்டும் மூட முடியவில்லை. விடுதலைக்குப் பின் "ஹராம்பே", அதாவது எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்ற முழக்கத்தோடு நாடெங்கும் மக்களே உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டினார்கள். உங்கள் மகளின் பள்ளி இதைச் சமூக அறிவியலில் ஒரு பாடப் பகுதியாக எடுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி இருக்கும் மண்ணின் கதையே இதுதான்.

அங்கேயிருந்து மொழிக்கு வருகிறேன். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, தான் சிறுவனாக இருந்தபோது பள்ளி வளாகத்தில் கிக்கூயூ பேசிப் பிடிபட்ட பிள்ளைகளுக்கு அடியும், "நான் முட்டாள்" என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டும் தண்டனையும் கிடைத்ததைப் பதிவு செய்திருக்கிறார். தமிழ் பேசினால் அபராதம் என்ற ஆங்கில வழிப் பள்ளிகளைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று தகடு இல்லை. ஆனால் பல சர்வதேசப் பள்ளிகளின் கால அட்டவணையில் "பிரெஞ்சு அல்லது சுவாஹிலி" என்று ஒரே கட்டத்தில் போட்டிருப்பார்கள். பெற்றோர் பிரெஞ்சில் டிக் அடித்துவிடுவார்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுநரிடம் ஒரு முழு வாக்கியம் பேசத் தெரியாது. எந்த விழுமியத்தைப் பற்றி அந்தப் பள்ளி பேசுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

கென்ய அரசின் பாடத்திட்டத்தில் 7, 8, 9 வகுப்புகளை ஜூனியர் பள்ளி என்று பிரித்து 2023இல் தொடங்கினார்கள். அங்கே சுவாஹிலி எல்லோருக்கும் உண்டு. மொம்பாசாவில் 2003இல் தொடங்கிய ஆகா கான் அகாடமி ஐபி பள்ளிதான். அங்கே ஆங்கிலமும் சுவாஹிலியும் இரு மொழிகளாக நடக்கின்றன. அறவியல், பன்மை, பண்பாடுகள், ஆட்சி, வளர்ச்சிக்கான பொருளாதாரம் என்ற ஐந்து இழைகளையும் அவர்கள் தனி வகுப்பாக வைக்காமல் எல்லாப் பாடங்களுக்குள்ளும் ஓட விடுகிறார்கள். ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை.

உள்ளூர் மொழிக்கு நேரம் கொடுத்தால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்ற பயம் உங்களுக்கும் இருக்கலாம். நைஜீரியாவில் 1970இல் பாப்ஸ் ஃபஃபுன்வா தலைமையில் இஃபே பல்கலைக்கழகம் ஒரு முயற்சி செய்தது. ஆறு வருடத் தொடக்கக் கல்வி முழுவதும் யொரூபாவில். ஆங்கிலத்தை நல்ல ஆசிரியர் வைத்துத் தனிப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது இவர்கள் ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. இது தொடக்கப் பள்ளிக் கதைதான், இருந்தாலும் அந்தப் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

சரி, என் பாடத்துக்கு வருகிறேன். "கணக்கில் பண்பாடு எங்கே வரும், இரண்டும் இரண்டும் எங்கேயும் நான்குதானே?" என்று கேட்பார்கள். நான்குதான். ஆனால் அந்த நான்குக்குப் போகிற பாதைகள் நிறைய.

சுவாஹிலிக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணியதுபோல இங்கே மணியை எண்ணுகிறார்கள். காலை ஏழு மணிக்கு "சா மோஜா", அதாவது ஒரு மணி. நண்பகல் 12 என்பது ஆறு மணி. நம் கடிகாரத்திலிருந்து 6 கழிக்க வேண்டும். கழிக்க முடியாவிட்டால் 12 சேர்த்துக்கொள்ள வேண்டும். பிற்பகல் 3 என்றால் 3இலிருந்து 6 போனால் மைனஸ் 3, அதோடு 12 சேர்த்தால் 9. ஏழாம் வகுப்பில் மைனஸ் எண்களுக்கு இதைவிட உயிருள்ள தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. வீட்டில் பாட்டியிடம் சுவாஹிலியில் மணி கேட்கிற பிள்ளை அன்று வகுப்பில் எல்லோருக்கும் ஆசிரியர் ஆகிவிடுவாள்.

யொரூபா எண்கள் இன்னொன்று. அவை இருபதின் மடங்குகளில் நடக்கும், கழித்தலையும் சேர்த்துக்கொள்ளும். 60 என்பது மூன்று இருபது. 50 என்பது அறுபதுக்குப் பத்து குறைவு. 45 என்பது ஐம்பதுக்கு ஐந்து குறைவு. நம் தொண்ணூறுக்குள் ஒரு நூறு உட்கார்ந்திருப்பதை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள், யொரூபா அவளுக்கு அந்நியமாகத் தெரியாது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பாவோ ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, மொத்தம் 64 விதைகள். நம் பல்லாங்குழியின் குடும்பம்தான், கொஞ்சம் கடினமான அண்ணன். இன்னும் இரண்டு நகர்வுக்குப் பிறகு எந்தக் குழியில் எத்தனை இருக்கும் என்று மனத்தில் ஓட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு இயற்கணிதம் பயம் காட்டாது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அங்கோலாவின் கிழக்குப் பகுதியில் வாழும் சொக்வே மக்களின் மணல் ஓவியங்கள். அவற்றுக்கு "சோனா" என்று பெயர். மணலில் விரல் நுனியால் வரிசையாகப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி விரலை எடுக்காமல் ஒரே கோட்டை வளைத்துக்கொண்டே போவார்கள். கோடு வளர வளரக் கதையும் வளரும். ஆமாம், நம் சிக்குக் கோலம்தான் உங்கள் கண்முன் வந்திருக்கும். மொசாம்பிக் கணித அறிஞர் பாவுலுஸ் கெர்டஸ் பல ஆண்டுகள் சோனாவை ஆராய்ந்தவர், தமிழ்நாட்டுக் கோலங்களையும் அதோடு சேர்த்துப் பார்த்தவர். இதில் ஒளிந்திருக்கும் கணக்கு இது: செவ்வகமாகப் புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிகளையும் சுற்றிச் சாய்கோடுகளாகப் பின்னிக்கொண்டு போய், ஓரத்தில் மட்டும் திரும்பினால், மொத்தம் எத்தனை கோடு வேண்டும்? வரிசை எண்ணிக்கைக்கும் நிரல் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை. 3க்கு 4 என்றால் ஒரே கோடு. 4க்கு 6 என்றால் இரண்டு. 4க்கு 4 என்றால் நான்கு.

இதை நான் பிள்ளைகளிடம் முதலில் சொல்லவே மாட்டேன். வரையவிடுவேன், எண்ணச் சொல்வேன், அட்டவணை போடச் சொல்வேன். இருபது நிமிடம் கழித்து ஏதோ ஒரு மூலையிலிருந்து, "சார், இது பொதுக் காரணி!" என்று ஒரு குரல் வரும். எம்ஒய்பி கணக்கில் நான்கு அளவுகோல்களில் ஒன்று, வடிவங்களை ஆராய்ந்து விதி கண்டுபிடிப்பது. சோனாவை நான் அந்த அளவுகோலில், முழு 8 மதிப்பெண்ணுக்கு வைத்தேன். மதிப்பெண் இடத்தில் ஆப்பிரிக்கா இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதைத்தான். ஓய்வு வேளைக்கான கைவேலையாகச் சோனாவைக் கொடுத்தால், உண்மையான கணக்கு வேறு எங்கோ இருக்கிறது என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

சொக்வே சிறுவர்கள் சோனாவைக் கற்றது "முகாண்டா" என்ற சடங்குக் காலத்தில். சிறுவன் பெரியவனாகிற வாசல் அது. ஆப்பிரிக்கச் சமூகங்கள் பலவற்றில் நம் நடுநிலைப் பள்ளி வயதுதான் இந்த வாசல். கிக்கூயூ, மசாய் மக்களிடம் ஒரே காலத்தில் சடங்கு முடித்தவர்கள் ஆயுள் முழுவதும் ஒரே வயதுக் குழுவாக, ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்களாக இருப்பார்கள். பள்ளிகள் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொள்ளலாம்: ஒரே குழுவாக மூன்று வருடம் நகர்வது, மூத்த மாணவர் ஒருவர் பொறுப்பேற்பது, எம்ஒய்பியின் கடைசி வருடத் தனித்திட்டத்தைக் குடும்பப் பெரியவர்கள் முன்னிலையில் வைப்பது. அப்புறம், எல்லா வழக்கத்தையும் பண்பாடு என்று தூக்கிக்கொண்டு வரவும் கூடாது. 1929 மோதலின் நடுவே இருந்தது பெண் உறுப்புச் சிதைப்பு. கென்யா அதை 2011இல் தனிச் சட்டம் போட்டுத் தடை செய்தது. பல ஊர்களில் கத்தி இல்லாத மாற்றுச் சடங்குகளை மக்களே உருவாக்கினார்கள். மரபைச் சொல்லிக் கொடுக்கிற பள்ளி இந்தச் சண்டையையும் வயதுக்கேற்ற மொழியில் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கூசுகிற பள்ளி பாட்டும் நடனமும் மட்டும் காட்டும்.

கேள்வி கேட்பதும் மரியாதையும் மோதுகிற இடம் ஒன்று உண்டு. சர்வதேசத் திட்டங்கள் பிள்ளையைக் கேள் கேள் என்கின்றன. இங்கே பல வீடுகளில், நம் வீடுகளைப் போலவே, பெரியவர் முகத்தை நேராகப் பார்த்து எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. கென்யாவின் கடலோரப் பகுதியில் பெரியவரைப் பார்த்ததும் "ஷிகாமோ" சொல்லி, "மரஹாபா" என்ற பதில் வந்த பிறகுதான் பேச்சு தொடங்கும். நல்ல ஆசிரியர்கள் வணக்கத்தையும் வைத்துக்கொள்வார்கள், கேள்வியையும் வைத்துக்கொள்வார்கள். ஊர்க்கூட்டமான "பராசா"வைப்போல வட்டமாக உட்காரவைத்து, முன்னால் பேசியவர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்று ஒரு ஆசிரியை பழக்கியிருந்தார். அந்த வகுப்பில் நடந்த விவாதங்களை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சேவைப் பாடத்துக்கும் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1977இல் பச்சை வளைய இயக்கத்தைத் தொடங்கிக் கிராமத்துப் பெண்களோடு மரம் நட்ட வங்காரி மாத்தாய், நைரோபியின் கருரா காட்டைக் கட்டடக்காரர்களிடமிருந்து காக்கப் போய் 1999இல் அடிபட்டவர். 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தக் காடு உங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம்தான். மகளை ஒரு ஞாயிறு கூட்டிப் போங்கள்.

இந்தியா திரும்புவதைப் பற்றி: சிபிஎஸ்இ பள்ளிக்குப் போவதாக இருந்தால் 9ஆம் வகுப்பிலேயே போர்டு பதிவு நடப்பதால், எட்டு முடிந்ததும் மாறுவது சுலபம். அதுவரை கணக்கையும் அறிவியலையும் இந்தியப் புத்தகத்தோடு விடுமுறையில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் இங்கேயே இருந்தால் ஐபி டிப்ளமாவை முடித்துவிட்டு வரலாம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் அதைப் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கின்றன. சுவாஹிலி படித்ததால் அவள் எதையும் இழக்கப் போவதில்லை.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது விளக்கக் கையேட்டை வாங்காதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பழைய கணக்கு நோட்டையும் சமூக அறிவியல் நோட்டையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். வரலாறு எங்கே தொடங்குகிறது? 1331இல் மொராக்கோப் பயணி இபின் பதூதா வந்து பார்த்த, இன்றைய தான்சானியக் கரையிலுள்ள கில்வா நகரம் இருக்கிறதா? கிரேட் ஸிம்பாப்வேயின் கல் மதில்களைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்கள்தான் என்பதைக் காலனி ஆட்சியாளர்கள் எத்தனை காலம் மறுத்தார்கள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? சிவப்பு மையில் ஆசிரியர் போட்ட குறிப்பு அந்தப் பக்கங்களிலும் இருக்கிறதா?

அதுவரை, இன்று மாலையே மகளோடு தரையில் உட்கார்ந்து 3க்கு 4 புள்ளி வையுங்கள். அப்புறம் 4க்கு 6. எத்தனை கோடு வருகிறது என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவளே எண்ணட்டும்.